கோடு யாருடையது? புளியந்தோப்பு ‘டச்சிங்’ கடையை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

கூட்டத்துக்கு நோட்டீஸ் அடிக்கப் போன இடத்தில்தான் இதைப் பார்த்தேன். புளியந்தோப்பு நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு சந்தில் பேனர் கடை. கம்ப்யூட்டர் ஒன்று, போட்டோ பிரின்டர் ஒன்று, பிளாஸ்டிக் நாற்காலி மூன்று. மஞ்சள் நீராட்டு, பிறந்தநாள், கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி எல்லாமே அந்த ஒரே திரையில்தான் உருவாகின்றன. எனக்கு முன்னால் மூன்று பேர். இறந்துபோன ஒரு அம்மாவின் மகள், மகன், அந்த அம்மாவின் அக்கா. பதினாறாம் நாள் படத்திறப்புக்குப் படம் வேண்டும். தனிப்படம் என்று இருப்பது ஆதார் அட்டையில் உள்ளது மட்டும்தான். அதைப் பார்த்து மகளே ‘இது எங்கம்மா மாதிரியே இல்ல’ என்கிறாள்.

செல்போனில் ஒரு கல்யாணப் படம் இருந்தது. ஒன்பது பேர் வரிசை. மூன்றாவது ஆள் அந்த அம்மா. தோளில் அக்காவின் கை. கடைக்காரர் படத்தைப் பெரிதாக்கி, பென் டூலை எடுத்து, காதோரத்தில் ஆரம்பித்துப் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போனார். புள்ளிகள் ஒரு சுற்று வந்து மூடி, செலக்‌ஷன் ஆனதும் அந்த அம்மாவைச் சுற்றி எறும்பு வரிசை மாதிரி ஒரு கோடு ஊர ஆரம்பித்தது. மற்ற எட்டுப் பேரும் காணாமல் போனார்கள்.

‘கொஞ்சம் கலர் ஏத்துங்கண்ணா’ என்றாள் மகள். ஏற்றினார். ‘இன்னாண்ணா, யாரோ மாதிரி கீது, இறக்கு’ என்றான் மகன். இறக்கினார். கன்னத்தில் அம்மைத் தழும்பு இருந்தது. மகள் எடுத்துவிடச் சொன்னாள். பெரியம்மா விடவில்லை. ‘அத்த எடுத்துட்டா அவ யாருன்னு எனக்கே தெரியாதுடி.’ கடைக்காரர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். தழும்பை மறைத்த அடுக்கின் அடர்த்தியைப் பாதியாகக் குறைத்தார். ‘பாதி வச்சிருக்கேன். போதுமாக்கா?’ போதும்.

அப்புறம் கை. ஆள் போய்விட்டாலும் அக்காவின் கை மட்டும் தங்கையின் தோளில் வளையலோடு நின்றது. ‘தனியா கை மட்டும் நின்னா பாக்கறவங்க இன்னான்னு கேப்பாங்கக்கா.’ வலது தோளைப் பிரதியெடுத்து, திருப்பி, இடது தோளின் மேல் வைத்தார். கை மறைந்தது. திரையையே பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மா கேட்டார்: ‘கை இருக்கறத எனக்கு ஒண்ணு சின்னதா போட்டுக் குடுப்பா.’ அடுக்குப் பட்டியலில் இருந்த ஒரு கண் குறியை அவர் அணைத்தார். கை திரும்ப வந்தது.

முக்கால் மணி நேரம் நடந்த இந்தப் பேரத்தைப் பற்றித்தான் நான் எழுத வேண்டும். நமது சிறுபத்திரிகை வட்டாரத்தில் ஃப்ளெக்ஸ் பேனர் என்றால் ஒரு இளக்காரம் உண்டு. வெளுத்த முகம், இல்லாத பட்டுப்புடவை, மேகத்துக்குள் புறா. ‘போலிப் பிரக்ஞை’ என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவோம். நானும் முடித்திருக்கிறேன். எங்கள் நோட்டீஸுக்காகக் கையில் வைத்திருந்த படத்தை அந்தக் கடைக்காரரிடம் கொடுக்கும்போதுதான் கொஞ்சம் கூசியது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

2

முதலில் கருவியைப் பார்ப்போம். கருவிகள் அப்பாவிகள் என்று நம்புகிற பழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது.

ஃபோட்டோஷாப் என்ற மென்பொருளை 1987இல் எழுதத் தொடங்கியவர் தாமஸ் நோல். தம்பி ஜான் நோலும் சேர்ந்துகொண்டார். 1990 பிப்ரவரியில் அடோபி நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இவர்களுடைய அப்பா வீட்டிலேயே இருட்டறை வைத்திருந்தவர். அதனால்தான் மென்பொருளுக்குள்ளும் இருட்டறையின் சொற்களும் படங்களும் அப்படியே குடியேறியிருக்கின்றன. அச்சுத்தாளில் விழும் வெளிச்சத்தை ஒரு அட்டைத் துண்டால் மறைத்தால் அந்த இடம் வெளுக்கும், அதுதான் ‘டாட்ஜ்’. இன்னும் கொஞ்சம் வெளிச்சம் கொடுத்தால் கறுக்கும், அது ‘பர்ன்’. திரையில் பர்ன் கருவியின் குறி இன்றைக்கும் குவித்துப் பிடித்த ஒரு கைதான்.

இருட்டறையில் வெளிச்சத்தைக் கையால் மறைத்தபோது விளிம்பு மங்கலாகத்தான் இருக்கும். கை ஆடும். மென்பொருள் செய்த பெரிய மாற்றம், வேலையை இரண்டாகப் பிரித்தது. முதலில் இடத்தைத் தேர்ந்தெடு, அப்புறம் அதன்மீது வேலை செய். கோட்டுக்கு உள்ளே இருப்பது மாறும். வெளியே இருப்பதற்கு ஒன்றும் ஆகாது. பிரஷ்ஷை எவ்வளவு தேய்த்தாலும் கோட்டைத் தாண்டாது. டச்சிங் பற்றிய விவாதங்கள் எல்லாம் இரண்டாவது வேலையையே பேசுகின்றன. வெளுத்தது, அழித்தது, சேர்த்தது என்று. அரசியல் முதல் வேலையில் முடிந்துவிடுகிறது.

எந்த அடிப்படையில் தேர்ந்தெடுப்பது? ‘மேஜிக் வாண்ட்’ என்றொரு கருவி. ஒரு இடத்தைத் தொட்டால், அதே நிறத்தை ஒத்த பக்கத்து இடங்களை எல்லாம் தானே பிடித்துக்கொள்ளும். எவ்வளவு வேறுபட்டால் ‘ஒத்தது’ என்று கொள்வது? அதற்கு ஒரு எண் உண்டு. பெயர் ‘டாலரன்ஸ்’, சகிப்பு. நாம் எதுவும் மாற்றாவிட்டால் அந்த எண் 32. எண் குறைந்தால் ஒத்ததைக்கூட விலக்கும். கூடினால் வேறானதையும் விழுங்கும். பிரகாசமான சுவரின் முன்னால் நிற்கும் ஆளை இந்தக் கருவி நன்றாகப் பிரிக்கும். புளியந்தோப்பு வீட்டில், மங்கல் பல்பு வெளிச்சத்தில், சாதாரண செல்போனில் எடுத்த கறுத்த முகத்தையும் பின்னால் இருக்கும் இருட்டுச் சுவரையும் அதனால் பிரிக்க முடியாது. முடி சுவராகும், சுவர் கன்னமாகும். அதனால்தான் அந்தக் கடைக்காரர் மந்திரக்கோலைத் தொடுவதே இல்லை. ‘நம்ம ஜனங்க மூஞ்சிக்கு அது வேலை செய்யாது சார், கையால புள்ளி வச்சாதான் உண்டு.’ ஒரு தொழில்நுட்பத்தின் சமூகவியலை இதைவிடச் சுருக்கமாக யார் சொல்ல முடியும்?

கருவியின் குறியீட்டியலையும் கவனிக்க வேண்டும். தோலில் இருக்கும் மச்சம், பரு, தழும்பு இவற்றை எடுக்க 2002இல் வந்த ஏழாம் பதிப்பில் ஒரு பிரஷ் சேர்த்தார்கள். பெயர் ‘ஹீலிங் பிரஷ்’, குணப்படுத்தும் தூரிகை. அதன் குறி, காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி. தழும்பு என்பது ஆறிப்போன காயம், உடம்பு தன் வேலையை முடித்துவிட்டதன் அடையாளம். மென்பொருளோ ஆறிய தழும்பையே நோயாகப் பெயரிடுகிறது. மாற்றுவது வேறு, குணப்படுத்துவது வேறு. இந்த வேறுபாட்டை ஒரு பெயரால் அழித்துவிடுவதைத்தான் சொல்லாடலின் அதிகாரம் என்கிறோம். பெரியம்மாவுக்கு இந்தக் கோட்பாடெல்லாம் தேவைப்படவில்லை. தழும்பில்தான் தங்கை இருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும்.

3

‘அந்தக் காலத்துல இந்த ஏமாத்து வேலையெல்லாம் இல்லை’ என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல். ஸ்டூடியோக்களில் கணினி வருவதற்கு முன்னாலேயே ‘டச்சிங்’ உண்டு. நெகட்டிவின் மருந்துப் பக்கத்தில், சீவிய பென்சிலால், புள்ளிக்கும் சிறிய புள்ளிகளாகத் தொட்டுத் தொட்டு முகத்தைச் சரிசெய்வார்கள். நெகட்டிவில் எது கறுப்போ அது அச்சில் வெளுப்பு. ஆக, கறுப்புப் பென்சிலை எவ்வளவு பூசுகிறோமோ அவ்வளவுக்கு ஆள் சிவப்பாவார். கறுப்பைக் கொண்டே கறுப்பை அழிக்கும் இந்தத் தொழிலை நமது அழகியல் விவாதங்கள் ஒருபோதும் கவனித்ததில்லை.

பென்சில் மட்டுமல்ல, பிலிமும் நடுநிலையானதல்ல. கோடக் நிறுவனம் 1950களிலிருந்து வண்ண அச்சுக் கூடங்களுக்கு ஒரு மாதிரிப் படத்தை அனுப்பிவந்தது. அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். ‘ஷெர்லி அட்டை’ என்று பெயர். அந்தப் பெண்ணின் தோல் சரியாக அச்சானால் இயந்திரம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். மற்ற தோல்கள் எப்படி விழுந்தால் என்ன? பல நிறத்தவரையும் கொண்ட அட்டைகள் 1990களில்தான் வந்தன. ‘கலர் ஏத்துங்கண்ணா’ என்று அந்த மகள் கேட்டபோது அவளை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. அவள் கேட்பதற்கு வெகு காலம் முன்பே ஒரு தோலைச் ‘சரி’ என்றும் மற்றதைத் ‘திருத்த வேண்டியது’ என்றும் தொழிற்சாலையில் முடிவு செய்திருந்தார்கள். ஊரில் சாதி செய்திருந்த முடிவும் அதோடு ஒத்துப்போயிற்று.

மானிடவியலாளர் கிறிஸ்டோபர் பின்னி, மத்தியப் பிரதேசத்து நாக்தாவின் ஸ்டூடியோக்களை ஆராய்ந்து 1997இல் ‘காமெரா இண்டிகா’ என்ற நூலை எழுதினார். அங்கே படம் எடுத்துக்கொள்ள வருபவர்கள் இருப்பதை அப்படியே பதிவு செய்யச் சொல்லிக் கேட்பதில்லை. இன்னும் மேலான ஒருவராகத் தங்களை உருவாக்கிக்கொள்ளவே ஸ்டூடியோவுக்கு வருகிறார்கள் என்பது அவருடைய வாதங்களில் ஒன்று. நமக்கு இதைப் புரிந்துகொள்ள நாக்தா போக வேண்டியதில்லை. சேரிச் சுவர்களில் நீலக்கோட்டு அணிந்த அம்பேத்கரைப் பார்த்தவர்களுக்கு உடை ஒரு உரிமைக்கோரிக்கை என்பது தெரியும். கடைக்காரரின் கம்ப்யூட்டரில் ‘கோட்டு’, ‘பட்டு’, ‘செயின்’ என்று தனித்தனி ஃபோல்டர்கள் இருக்கின்றன. உயிரோடு இருந்தபோது மேல்சட்டையைக் கழற்றச் சொன்ன சமூகத்தின் முன்னால், செத்த பிறகாவது கோட்டு போட்டு நிற்கிறார் ஒரு தாத்தா. இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

ஆனால் கோட்டையும் வெளுப்பையும் ஒரே தட்டில் வைக்கவும் முடியாது. கோட்டு மறுக்கப்பட்ட ஒன்றைக் கைப்பற்றுகிறது. வெளுப்பு தன்னுடைய ஒன்றை விட்டுக்கொடுக்கிறது. விமர்சனம் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பேனரை மொத்தமாகப் புறக்கணிப்பதும் மொத்தமாக ‘மக்கள் கலை’ என்று கொண்டாடுவதும் ஒரே சோம்பேறித்தனத்தின் இரண்டு முகங்கள்.

4

அதிகாரம் எப்படி டச்சிங் செய்கிறது என்பதற்கு நமது வாசகர்களுக்குப் பழக்கமான உதாரணம் சோவியத் நாட்டிலிருந்து. 1937இல் மாஸ்கோ கால்வாய்க் கரையில் ஸ்டாலினுக்குப் பக்கத்தில் நடந்துவந்த ரகசியப் போலீஸ் தலைவர் எஷோவ், 1940இல் கொல்லப்பட்ட பிறகு அந்தப் படத்திலிருந்தும் போனார். அவர் நின்ற இடத்தில் தண்ணீர். ‘அதெல்லாம் அங்கே’ என்று நாம் ஆறுதலடைய வேண்டியதில்லை. சென்னைக்கே வருவோம்.

2015 டிசம்பர் வெள்ளம். 3ஆம் தேதி பிரதமர் மோடி சென்னையை விமானத்திலிருந்து பார்வையிட்டார். மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் ஒரு படத்தை வெளியிட்டது. ஜன்னலோரம் பிரதமர், ஜன்னலுக்குள் வெள்ளத்தில் நிற்கும் வீடுகள், துல்லியமாக, பக்கத்தில் போய்ப் பார்த்த மாதிரி. அசல் படத்தில் ஜன்னலுக்குள் அப்படியொரு துல்லியம் இல்லை. ஜன்னல் வட்டத்தை மட்டும் தேர்ந்தெடுத்து அதற்குள் வேறொரு படத்தை வைத்திருந்தார்கள். மக்கள் கண்டுபிடித்துக் கேலி செய்ததும் படம் நீக்கப்பட்டது. இரண்டு படங்களை இணைத்தது தவறான முடிவு என்று அலுவலகமே வருத்தம் தெரிவித்தது.

எல்லோரும் சிரித்தோம். ஆனால் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை யோசித்தோமா? பிரதமரின் முகத்தை அவர்கள் தொடவில்லை. ஜன்னலைத் தொட்டார்கள். ‘அவர் பார்க்கிறார்’ என்று சொல்வதற்கு, பார்க்கப்படுகிறவர்கள் தெளிவாக இருந்தாக வேண்டும். கோட்டுக்கு உள்ளே போனவர்களின் முகம் யாருக்கும் தேவைப்படவில்லை. கூரையும் தண்ணீரும் போதும். அந்த நாட்களில் நிவாரணப் பொட்டலங்கள் மீது முதலமைச்சர் ஜெயலலிதாவின் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டப்பட்டதாக எழுந்த சர்ச்சையும் நினைவிருக்கும். யாரோ கொடுத்த அரிசிமேல் ஒரு முகம். இங்கும் வேலை அதேதான். ஒரு பரப்பைத் தேர்ந்தெடு, அதன்மேல் ஒன்றை வை.

மழை வந்தால் புளியந்தோப்பில் தண்ணீர் நிற்கும். ஒவ்வொரு வருஷமும் படமும் எடுப்பார்கள். கடைக்காரர் அந்த அம்மாவின் தழும்புக்கு மூன்று பேரைக் கேட்டார். ஜன்னலுக்குள் வைக்கப்பட்ட வீட்டுக்காரர்களை யாரும் கேட்கவில்லை. இந்த இரண்டு டச்சிங்குக்கும் உள்ள வேறுபாட்டை ‘உண்மை / பொய்’ என்ற எதிர்வால் விளக்க முடியாது, ஏனென்றால் இரண்டுமே மாற்றப்பட்ட படங்கள்தான். கோடு வரையும்போது கோட்டுக்குள் இருப்பவர் பக்கத்தில் நிற்கிறாரா என்ற கேள்வியால்தான் விளக்க முடியும்.

5

இனி எங்கள் நோட்டீஸ்.

சில வருஷங்களுக்கு முன் தூய்மைப் பணியாளர்கள் பற்றிச் சிறு வெளியீடு ஒன்று கொண்டுவந்தோம். அட்டைக்கு ஒரு பெண் தொழிலாளியின் படம். வாசலில் உட்கார்ந்திருந்தார். வண்ணப்படத்தைக் கறுப்புவெள்ளை ஆக்கினோம். முகத்தில் ‘பர்ன்’ வைத்துக் கறுப்பைக் கூட்டினோம். சுருக்கங்கள் தெரிய வேண்டுமென்று கூர்மையை ஏற்றினோம். பின்னால் திறந்த கதவு வழியாகத் தெரிந்த ஃபிரிட்ஜையும் அதன்மேல் இருந்த பிள்ளையின் கோப்பையையும் வெட்டினோம். ‘கவனத்தைச் சிதறடிக்கிறது’ என்பது எங்கள் அழகியல் காரணம். புத்தகத்தை அவரிடம் கொடுத்தபோது நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: ‘ஏம்பா, நான் இவ்ளோ கறுப்பாவா கீறேன்? எம் புள்ள கப்பு எங்க?’

பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. மகள் வெளுக்கச் சொன்னது போலிப் பிரக்ஞை என்றால், நாங்கள் கறுக்க வைத்தது என்ன பிரக்ஞை? அவள் தன் அம்மாவுக்குச் செய்தாள். நாங்கள் கேட்காமல் இன்னொருத்தருடைய அம்மாவுக்குச் செய்தோம். துயரத்தை அடர்த்தியாக்கி, துயரத்துக்குப் பொருந்தாததை வெட்டி, வாசகர் எதிர்பார்க்கும் ‘விளிம்புநிலை மனுஷி’யைத் தயாரித்தோம். வடசென்னை என்றாலே கறுப்புவெள்ளை, சாக்கடை, தோல் சுருக்கம் என்று ஒரு ‘ஷெர்லி அட்டை’ நம்மிடமும் இருக்கிறது. அதற்கு ஒத்துவந்தால்தான் நம் இயந்திரம் சரியாக வேலை செய்வதாக நம்புகிறோம்.

இந்த அட்டைக்கு வம்சாவளி உண்டு. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மனிதர்களின் மூக்கையும் தலையையும் அளந்தவர். கே. ரங்காச்சாரியுடன் சேர்ந்து 1909இல் ஏழு தொகுதிகளாக அவர் வெளியிட்ட ‘தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்’ நூலில் படங்கள் இருக்கின்றன. பெயர் இழந்து, சாதியின் ‘மாதிரி’யாக நிற்கும் உடம்புகள். மனிதரை அவருடைய வாழ்க்கையிலிருந்து வெட்டியெடுத்து ஒரு வகைமையாக ஒட்டும் வேலைக்கு மென்பொருள் தேவைப்படவில்லை. நாங்கள் கோப்பையை வெட்டியபோது தர்ஸ்டனின் கத்தரிக்கோலைத்தான் பிடித்திருந்தோம்.

படங்களில் மட்டுமா? தொழிற்சங்க வரலாற்றையும் இப்படித்தான் வெட்டி ஒட்டுகிறோம். 1918 ஏப்ரலில் பின்னி ஆலைத் தொழிலாளர்களிடையே சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியதை, வாடியாவையும் திரு.வி.க.வையும் சேர்த்து, பெரிய சட்டகம் போட்டு மாட்டியிருக்கிறோம். சரிதான், மாட்ட வேண்டியதுதான். ஆனால் 1921? அதே ஆலையின் வேலைநிறுத்தத்தில் சாதி இந்து, முஸ்லிம் தொழிலாளர்களுக்கும் ஆதிதிராவிடர்களுக்கும் இடையே மோதல் வந்து, இதே புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஆதிதிராவிடர்களைக் கருங்காலிகள் என்ற ஒரு சொல்லுக்குள் அடைத்தார்கள். அவர்களை நகரத்தை விட்டே அப்புறப்படுத்த வேண்டும் என்றார் நீதிக்கட்சித் தலைவர் தியாகராயச் செட்டியார். எம். சி. ராஜா அவர்கள் பக்கம் நின்று பேசினார். நமது மே தின மலர்களில் 1918 பளபளப்பாக இருக்கும். 1921 இருந்த இடத்தில் எஷோவ் நின்ற இடம் மாதிரி தண்ணீர் ஓடும்.

வேறு மாதிரியும் செய்ய முடியும் என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. பா. ரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ (2014), ஒரு குடியிருப்புச் சுவரில் யாருடைய முகம் இருப்பது என்ற சண்டையையே கதையாக்கியது. ஒரு பரப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமைக்கு உயிர் விலையாவதை வெகுஜன சினிமாவுக்குள் அது பேசியது. தூய்மைப் பணியாளர்களின் சாவுகளைத் தொடர்ந்து பதிவு செய்துவரும் எம். பழனி குமார், விளிம்புநிலைப் பிள்ளைகளின் கையிலேயே கேமராவைக் கொடுத்துக் கற்றுத் தருகிறார். அந்தப் பிள்ளைகள் எடுக்கும் படத்தில் கோப்பை இருக்குமா இருக்காதா என்பதை இனி அவர்கள்தான் தீர்மானிப்பார்கள்.

6

தமிழ் படித்தவர்களுக்கு நடுகல் நினைவுக்கு வராமல் இருக்காது. தொல்காப்பியம் நடுகல்லுக்குச் சொல்லும் துறைகள் ஆறு. முதலாவது ‘காட்சி’. ஏற்ற கல்லைத் தேடிக் காண்பது. செதுக்குவதற்கும் நடுவதற்கும் வாழ்த்துவதற்கும் முன்னால் தேர்வு. கல்லில் செதுக்கிய வீரன் செத்தவனின் சாயலில் இருந்தானா என்று யாரும் கேட்டதில்லை. இவன் இன்னான் என்று ஊர் சேர்ந்து ஒப்புக்கொண்டது போதும். கண்ணீர் அஞ்சலி பேனரை இன்றைய நடுகல் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். நடுகல் போரில் பட்டவனுக்கு. பேனர் சர்க்கரையில் செத்தவருக்கும், பைக் மோதிச் செத்த பையனுக்கும், இந்த அம்மாவுக்கும். நினைவுகூரப்படும் தகுதிக்கு வீரம் இனிமேல் நிபந்தனை இல்லை. சாயல் மட்டும் நிபந்தனையாகிவிட்டது.

அந்தச் சாயலுக்குக் கடைக்காரரிடம் ஒரு அளவுகோல் இருக்கிறது. ‘எவ்ளோ வேணா ஏத்தலாம் சார். ஆனா மாலை போட்டதும் வீட்டு ஜனம் பாத்து அழுவணும். அழுவலன்னா நான் தப்பாப் பண்ணிட்டேன்னு அர்த்தம்.’ இதைவிடக் கறாரான யதார்த்தவாதத்தை நான் எந்தக் கோட்பாட்டு நூலிலும் படித்ததில்லை.

ரோலான் பார்த் தன் அம்மா செத்த பிறகு அவருடைய படங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். எதிலும் அம்மா இல்லை. கடைசியில் ஐந்து வயசுச் சிறுமியாக நிற்கும் ஒரு பழைய படத்தில் கண்டுபிடிக்கிறார். 1980இல் வந்த நூலில் அந்தப் படத்தை மட்டும் நமக்குக் காட்டவில்லை. தனக்கு அம்மாவாக இருப்பது நமக்கு வெறும் படமாகிவிடும் என்பது அவர் கவலை. தேடிப் பார்க்க அவருக்கு ஏராளமான படங்கள் இருந்தன, காட்டாமல் வைத்துக்கொள்ளும் வசதியும் இருந்தது. புளியந்தோப்பு மகளுக்கு இருந்தது ஒன்பது பேரில் ஒரு ஆளாக நிற்கும் ஒரே படம். அதைத் தெருவுக்குக் காட்டியும் ஆக வேண்டும். அந்தரங்க அம்மாவைத் தெருவின் அம்மாவாக ஆக்கும்போது என்னென்ன விடுவது, என்னென்ன வைத்துக்கொள்வது என்பதுதான் அந்த முக்கால் மணி நேரப் பேரம். பெரியம்மா இதைச் சரியாகப் புரிந்துகொண்டார். தெருவுக்குக் கையில்லாத படம், தனக்குக் கையோடு ஒரு படம்.

7

இந்தப் பேரத்துக்கு ஆயுசு குறைவு என்று தோன்றுகிறது.

செல்போன் கேமராவே இப்போது முகத்தைத் தானாகக் கண்டுபிடித்துத் தோலை வழவழப்பாக்குகிறது. நாம் பார்க்கும் முன்பே தேர்வு முடிந்துவிடுகிறது. 2023இலிருந்து ஃபோட்டோஷாப்பிலேயே, ஒரு இடத்தைக் குறித்து என்ன வேண்டுமென்று எழுதினால் செயற்கை நுண்ணறிவு நிரப்பிக் கொடுக்கிறது. பழைய, மங்கிய படத்தைக் கொடுத்தால் ‘புதுப்பித்து’த் தரும் ஆப்கள் ஏராளம். கடைக்காரர் ஒரு படம் காட்டினார். யாரோ தன் அப்பாவின் பழைய படத்தை ஆப்பில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார். கண் பளிச்சென்று இருக்கிறது, மீசை ஒவ்வொரு மயிராக எண்ணலாம், ஆனால் ஆள் வேறு. கோடிக்கணக்கான அந்நிய முகங்களிலிருந்து கற்ற கணக்கு, தெரியாத இடத்தை எல்லாம் அந்நியர்களைக் கொண்டு நிரப்பியிருக்கிறது. ‘சூப்பரா இருக்குன்றாங்க. ஆனா யாரும் அழுவல சார்.’

கையால் கோடு போடுவதில் ஒரு மெதுவான தன்மை இருக்கிறது. அந்த மெதுவில்தான் ‘ஏத்து’ ‘இறக்கு’ ‘அத்த எடுக்காத’ என்று மூன்று பேர் பேச இடம் கிடைக்கிறது. ஒரு குடும்பம் தன் நினைவைப் பற்றிச் சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வர இடம் கிடைக்கிறது. தழும்பைப் பாதி வைப்பது என்ற தீர்வை எந்தத் தானியங்கியும் தராது. அதற்குத் தழும்பு உண்டு அல்லது இல்லை. பாதி என்பது இரண்டு பெண்களுக்கு இடையே எட்டப்பட்ட உடன்படிக்கை. தானியங்கி வேகமாகச் செய்கிறது என்பது இல்லை என் புகார். வேகமாகச் செய்வதால் யாரும் பக்கத்தில் நின்று பேச முடியாமல் போகிறது என்பதே புகார். மூன்று நாற்காலிகளும் காலியாகிவிடும்.

பூச்சு வேலைக்கு மேற்பார்வை இல்லையென்றால் என்ன ஆகும் என்று புளியந்தோப்புக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2021இல் இங்கே கே.பி. பார்க் அடுக்குமாடிக் குடியிருப்பில், புதிதாகக் கட்டிய சுவரைக் கையால் தேய்த்தால் சிமென்ட் உதிர்ந்ததை ஊரே பார்த்தது. படத்தில் அந்தக் கட்டடம் நன்றாகத்தான் இருந்தது. குடிவந்தவர்கள் விரல் வைத்துப் பார்த்த பிறகுதான் அதிகாரிகளும் நிபுணர்களும் ஆய்வுக்கு வந்தார்கள். அந்த விரலுக்கு இருக்கும் உரிமைதான் படத்திலும் வேண்டும். தொட்டுப் பார்க்க, ‘இது நான் இல்லை’ என்று சொல்ல.

ஆகவே ‘படங்களைத் திருத்தாதீர்கள்’ என்ற தூய்மைவாதக் கோரிக்கை என்னிடம் இல்லை. எந்தப் படமும் திருத்தப்படாமல் நம்மிடம் வருவதில்லை. நம் வட்டாரத்துக்கு நான் வைக்கும் கோரிக்கை சின்னது. அடுத்த வெளியீட்டின் அட்டைக்கு ஒருவருடைய படத்தை எடுத்தால், அச்சுக்குப் போகும் முன் அவரைத் திரைக்கு முன்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைப்போம். அவர் வெளுக்கச் சொல்லலாம். அப்போது வாதாடுவோம், மகனும் பெரியம்மாவும் வாதாடியது மாதிரி. வாதத்தில் நாம் தோற்கவும் செய்யலாம். அசல் அடுக்கை அழிக்காமல் வைப்போம், கேட்டவருக்குக் கையோடு ஒரு பிரதி போட்டுக் கொடுப்போம்.

நான் கொண்டுபோன நோட்டீஸை அன்றைக்கு அடிக்கவில்லை. அதிலிருந்த பெண்ணின் வீடு அந்தக் கடையிலிருந்து நடக்கிற தூரம்தான். போய்க் கூப்பிட்டேன். சாயந்திரம் வருவதாகச் சொன்னார். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தார்.